பூஜ்ஜியமா, ஓவா? ஓர் எழுத்துரு இணையோடு 6 ஆண்டுகள்

மென்பொருள் கையேடுகள் எழுதுவது என் வேலை. உரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு, கட்டளைகளுக்கும் நிரல் துண்டுகளுக்கும் சோர்ஸ் கோட் புரோ. 6 ஆண்டுகளாக இந்த இணையை மாற்றவில்லை. அதற்கு முன் மாதம் ஒரு எழுத்துரு என்று அலைந்தவன்தான்.

அந்த அலைச்சலை நிறுத்தியது ஒரு நிறுவல் கையேடு. அழகுக்கு மயங்கி, உருண்டையான எழுத்துரு ஒன்றில் தொடக்கக் கடவுச்சொல்லை அச்சிட்டிருந்தேன். அதில் ஆங்கிலப் பெரிய ஐயும் சிறிய எல்லும் ஒரே குச்சி. பூஜ்ஜியமும் ஓவும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே நுழைய முடியவில்லை என்று தொலைபேசி ஓயவில்லை. பயனர்கள் கண்ணுக்குத் தெரிந்தபடியேதான் தட்டச்சு செய்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த எழுத்துருவாக இருந்தாலும் ஒன்று, எல், ஐ, பூஜ்ஜியம், ஓ ஆகியவற்றை ஒரே வரியில் அடித்து, அச்செடுத்துப் பார்த்த பிறகே மற்றதெல்லாம். 2012இல் அடோபி வெளியிட்ட சோர்ஸ் கோட் புரோ இதில் எளிதாகத் தேறியது. பூஜ்ஜியத்தின் நடுவில் புள்ளி இருக்கும், எல்லின் வால் வளைந்திருக்கும்.

தமிழ் உரையின் தொல்லை வேறு. அடிக்குறிப்பை 8 பாயிண்டில் வைத்தால் அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடுகிறது. (எழுத்தளவின் அலகையும் 'புள்ளி' என்றே மொழிபெயர்த்துவைத்திருப்பது தனிக் குழப்பம்.) தடித்த வடிவில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல்வரி 'மூ' இறங்கிவந்து கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். நான் 1.5 வைக்கிறேன். சாய்வெழுத்தைத் தமிழில் தொடுவதே இல்லை. மென்பொருள் வலிந்து சாய்க்கும் எழுத்து காற்றில் விழப்போகும் வேலிபோல இருக்கிறது.

இரண்டும் யாரும் இலவசமாகப் பயன்படுத்த இடந்தரும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் பிடிஎஃப்பில் தயங்காமல் உட்பொதிக்கலாம். அப்படிச் செய்தும், வெளியிடுமுன் கோப்பில் 'கொ', 'கை' உள்ள சொற்களைத் தேடிப் பார்த்துவிடுவேன். கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் உருவாகும்போது அந்த வரிசை குலைந்தால் தேடலில் எதுவும் சிக்காது.

குறையும் உண்டு. நூறு பக்கத்தைத் தாண்டினால் நோட்டோ சான்ஸ் சலிப்பூட்டுகிறது. அச்சுக்குப் போகும் பெரிய கையேடுகளில் நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாறிவிடுகிறேன். நிரலுக்குள் தமிழில் குறிப்புரை எழுதும்போதுதான் இந்த இணை உண்மையில் கைவிடுகிறது. சோர்ஸ் கோட் புரோவில் தமிழ் எழுத்துகள் இல்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதுதான் நிரல் எழுத்துருவின் ஒழுங்கு; வேறொரு எழுத்துரு அங்கே நுழைந்து அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். 'ர'வையும் 'ணௌ'வையும் ஒரே அகலக் கட்டத்தில் அடைப்பது யாருக்கும் எளிதல்ல என்பதால் கோபப்படவும் முடியவில்லை. குறிப்புரைகளை வரியின் ஓரத்தில் ஒட்டாமல், நிரலுக்கு மேலே தனி வரியாக எழுதிக்கொள்கிறேன்.