ஸ்டியரிங்கை ஒரு விரலில் சுற்றிக் காட்டினால் மயங்கிவிடாதீர்கள்

38,500 ரூபாய். வேலைக்கு விட்டபோது ஓடிக்கொண்டிருந்த லாரியை, ஓட்டவே பயமாக இருக்கிற லாரியாக மாற்றித் தந்ததற்கு நான் கொடுத்த கூலி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் பைபாஸ் ஓரமாக, ஐந்தாறு வண்டிகள் ஒரே நேரத்தில் நிற்கிற பெரிய பட்டறைகளில் ஒன்று. பெயர் வேண்டாம். முன் ஆக்சில் (முன்சக்கர அச்சு) வேலை முடிந்த வண்டியை எப்படிச் சரிபார்த்து எடுப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று வாங்கும் நாள், நெருங்கிவிட்டது. முன்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒன்று முறிந்திருந்தது, முன்சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னிலும் ஆட்டம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று விட்டேன். பட்டறைக்காரர் கழற்றிய பழைய புஷ்ஷை (கிங் பின்னைச் சுற்றி வரும் உறை) என் கையிலேயே கொடுத்து, "தேய்மானத்தைப் பாருங்கண்ணா, இதோட எப்படி ஓட்டுனீங்க?" என்றார். பொருளைக் கண்ணில் காட்டுகிற ஆளை நம்பாமல் யாரை நம்புவது? வண்டியை எடுக்கப் போனபோது என்னை சீட்டில் உட்காரவைத்து, "ஒரு விரல்ல சுத்துங்கண்ணா" என்றார். சுற்றினேன். பூப்போல வந்தது. அங்கேயே ஜிபேயில் 38,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் மொத்தத்தை மட்டும் எழுதித் தந்தார்கள்.

அந்த லேசுதான் கோளாறே.

ஓசூர் போகும்போதே வண்டி நேராக நிற்கவில்லை. இடது பக்கம் கொஞ்சம் போகும், திருப்பினால் வலது பக்கம் கூடுதலாகப் போகும். கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வளைவில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நடுவுக்கு வரவே இல்லை. திரும்பும்போது லோடோடு தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இறக்கம் எத்தனை வண்டிகளைக் காவு வாங்கியிருக்கிறது என்று அந்த வழியில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும். முதல் கியரில் ஊர்ந்து இறங்கினேன், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

போன் செய்தால், "புது புஷ்ஷுண்ணா, ஓட ஓட செட்டாயிரும்." அடுத்த தடவை, "டயர் சரியில்லைங்கண்ணா." நேரில் போய் நின்றதும் கதை மாறியது: "ஸ்டியரிங் பாக்ஸ் போயிருச்சு, இறக்கிப் பார்க்கணும், 22,000 ஆகும்." ஸ்டியரிங்கைச் சுற்றுவதைச் சக்கரம் பக்கம் கடத்துகிற கியர் பெட்டி அது. வேலைக்கு விடும்வரை ஒழுங்காக இருந்த பாக்ஸ் பட்டறைக்குள் நிற்கும்போதே எப்படிப் போகும்? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். "வாடகை வண்டிக்கெல்லாம் அது செல்லாதுங்க" என்று சிரித்தார். அதுவும் பொய். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்கிறவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கணக்கில் எடுக்கிறது. ஜிபே ரசீதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன்.

கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் ஊரில் தனியாக வேலை பார்க்கிற ஒரு பெரியவர். முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியான டிராக் லிங்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். இறுக்கமில்லாமல் திரும்பியது. அப்படியென்றால் கிங் பின் இறுகிப் பிடிக்கவில்லை. டிராக் லிங்க் கழன்றிருக்கும்போதே மேலே ஸ்டியரிங்கைச் சுற்றினார். நடுவில் ஆட்டமில்லை, பாக்ஸும் நன்றாகவே இருந்தது. அப்புறம் கீழே படுத்து டார்ச் அடித்தவர், "தம்பி, ஆப்பை மாத்தி வெச்சிருக்கானுங்க" என்றார்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு சரிவுத் தகடு வரும். கிங் பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கச் செய்வது அதுதான். அந்தச் சாய்வு இருந்தால்தான் ஓடுகிற வண்டியின் சக்கரம் தானாக நேருக்கு வரும். என் வண்டியில் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். பட்டையை ஏற்றும்போது இடது, வலது இரண்டிலும் தடித்த பக்கம் முன்னால் வரும்படி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். சாய்வு போனதும் ஸ்டியரிங் லேசாகிவிடும், வண்டி அலையும். அந்த லேசைக் காட்டித்தான் 38,500 ரூபாய் வாங்கினார்கள். போதாததற்கு முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற டை ராடையும் அளவு பார்க்காமல் விட்டதில் முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் ரம்பப் பல் போல அறுந்திருக்கின்றன. அந்தச் செலவு தனி.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. லோடோடு மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். வளைவில் ஒடித்துவிட்டு ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பட்டையைக் கழற்றும் முன் ஆப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டை ராடு நட்டில், நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும், துண்டுத்தாள் வாங்காதீர்கள்.