ஒரு பட்டமா, இரட்டைப் பட்டமா? வண்ணாரப்பேட்டை ஆலோசனை மையம் ஒன்றைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அருகே, துணிக்கடை ஒன்றின் மாடியில் இயங்கும் உயர்கல்வி ஆலோசனை மையத்துக்கு என் தங்கை மகளை அழைத்துச் சென்றிருந்தேன். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள். பி.காம். மட்டும் போதுமா, கூடவே இன்னொரு பட்டத்துக்கும் சேரலாமா என்று கேட்கத்தான் போனோம்.

விதிமுறைகளைப் புரியும்படி சொல்வதில் இந்த மையத்தைக் குறை கூற இயலாது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வகுப்பு நேரங்கள் மோதாத பட்சத்தில் இரண்டு முழுநேரப் படிப்புகளையோ, ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலை அல்லது இணைய வழியிலுமோ ஒரே காலத்தில் படிக்கலாம். ஆலோசகர் இதைச் சொன்னதோடு நிற்காமல், "எண்ணூர்லேர்ந்து பஸ்ல வரியாம்மா?" என்று கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, கல்லூரி ஷிஃப்ட், கன்டெய்னர் லாரி நெரிசலில் கரையும் நேரம், தொலைநிலைப் படிப்புக்கு வார இறுதியில் நேரில் நடக்கும் தொடர்பு வகுப்புகள், செமஸ்டர் தேர்வு மாதங்கள் என ஒவ்வொன்றாக நிரப்பினார். காலை ஷிஃப்ட் ஒரு கல்லூரியிலும் பிற்பகல் ஷிஃப்ட் வேறொன்றிலும் சேர விதி இடம் கொடுத்தாலும், இரண்டிலும் வருகைப்பதிவைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடன் அவளுக்கே விளங்கிவிட்டது.

ஆனால், இரண்டாவது பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே உருப்படியான பதில் இல்லை. பி.காமுடன் தொலைநிலையில் பி.பி.ஏ. சேரச் சொன்னார்கள். பாடங்களில் பெரும்பகுதி ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்னும்போது, இதனால் அவளுக்குப் புதிதாகத் திறக்கும் கதவு எது? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 பணிகளில் பெரும்பாலானவற்றுக்கும் வங்கி அதிகாரித் தேர்வுக்கும் ஒரு பட்டம் போதும். இன்னொன்று இருப்பதற்காக யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை. துறை மாறுவதாக இருந்தால் கதை வேறு. சென்னை ஐ.ஐ.டி. இணைய வழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம். அடிப்படை நிலையோடு நிறுத்திக்கொண்டாலும் சான்றிதழ் உண்டு, அதற்கு மேல் படித்தால் டிப்ளமோ. வணிகவியலோடு சேர்த்துப் படிக்கத் தக்க படிப்பு, என் பார்வையில், இதுபோன்றதுதான். அதைப் பற்றி அவர்களாக ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் பேசினார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த மாணவனிடம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்போடு வேறொரு முழுநேரப் பட்டத்தையும் தாராளமாகப் படிக்கலாம் என்றார்கள். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகள் அதைத் தடை செய்கின்றன. வக்கீலாகப் பதிவு செய்யப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

தொலைநிலை நிறுவனம் ஒன்றின் விண்ணப்பப் படிவம் ஏற்கெனவே மேசையில் தயாராக இருந்ததைப் பார்க்கையில், அறிவுரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊகிப்பது கடினமாக இல்லை. அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடப்பாண்டு அங்கீகாரம் அளித்திருக்கிறதா என்று கேட்ட பிறகே கைப்பேசியில் தேடத் தொடங்கினார்கள்.

நேரக் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள இங்கே தாராளமாகப் போகலாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம். வார நாள் மாலையில் பொறுமையாகப் பேசுகிறார்கள். படிவத்தை அங்கேயே பூர்த்தி செய்யச் சொன்னால் மட்டும், வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.