குழந்தைப் புதைகுழி: அங்கேயே எடுப்பதா, மண்ணோடு தூக்குவதா?
டெல்லியில் தொல்லியல் படிக்கும் என் அக்கா மகள், இடைக்காலக் குழந்தையின் குழி கிடைத்தால் எது சரி மாமா என்று கேட்டாள்.

மூங்கில் குச்சியும் தூரிகையுமாகக் குழியிலேயே எலும்பெலும்பாக எடுத்தால் செலவு குறைவு, உடல் கிடந்த கிடையை வரைந்துகொண்டே போகலாம். ஆனால் பிறந்த குழந்தைக்கு எலும்பு சுமார் 300, பெரியவர்களுக்கு 206தான். எலும்பு முனைகள் தண்டோடு சேர்ந்திருக்காது, ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருந்த, அரிசி போன்ற பல் மொட்டுகளைக் கல் என்று நினைத்து மண்ணோடு கொட்டிவிடுவோம், அப்புறம் வயதை எதை வைத்துச் சொல்வது?

சுற்றிலும் பிளாஸ்டர் போட்டு மண்ணோடு தூக்கினால் கனம் அதிகம், வழியில் விரிசலும் விடும். இருந்தாலும் ஆய்வகத்தில் நிதானமாகப் பிரிக்கலாம்.

கைக்குழந்தை என்றால் தூக்கிவிடு. வளர்ந்த பிள்ளை என்றால் குழியிலேயே எடு. எதுவானாலும் மண்ணை நுண்சல்லடையில் சலிக்காமல் விடாதே, கண்ணு.