பாக்ஸ் பிரேக்கரா, ஓப்பன் பிரேக்கரா: பராமரிக்கிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

எக்ஸ்கவேட்டரின் கையில் பூட்டிப் பாறை உடைக்கும் ஹைட்ராலிக் சுத்தியலான பிரேக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சு சத்தத்தில் தொடங்கி, பெரும்பாலும் சத்தத்திலேயே முடிந்துவிடுகிறது. முழுக்கப் பெட்டிக்குள் அடங்கிய பாக்ஸ் வகை சத்தத்தைக் குறைக்கும்; இரு பக்கமும் தடித்த தகடு மட்டும் இறுக்கிய ஓப்பன் வகை காதைப் பிளக்கும். உண்மைதான். ஆனால் உள்ளே இருந்து அடிப்பது பல மாடல்களில் ஒரே இயந்திரம்: உளியை அடிக்கும் அதே பிஸ்டன், அதே சிலிண்டர், பிஸ்டனைத் தள்ள உதவும் அதே நைட்ரஜன் வாயு. கோளாறு தொடங்கும்போது அது கண்ணில் படுமா, படாதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பராமரிப்புச் செலவைத் தீர்மானிப்பதும் அதுதான்.

ஓப்பன் வகையில் முதலில் தளர்வது பக்கத் தகடுகளை இறுக்கும் சைடு போல்ட். அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் பேட் இல்லாத அமைப்பில் ஒவ்வொரு அடியும் தகடு, போல்ட், ஆர்ம் பின் என்று நேராக ஏறுகிறது. நட்டைச் சுற்றித் துருநிறத் தூளோ பளபளப்பான தேய்மானமோ தெரிந்தால் அந்த போல்ட் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புது போல்ட் போட்ட முதல் நாளே மறுபடி இறுக்க வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். நீளக் குழாயை ஸ்பானரில் செருகித் தொங்கி இறுக்கினால் ஒரு போல்ட் இழுபட்டுப்போகும், அடுத்தது தளர்வாக நிற்கும். சுமை சமமாகப் பரவாதபோது ஏதாவது ஒன்று முறியக்கூடும்.

பாக்ஸ் வகையில் இந்தத் தொல்லை குறைவு. மேலேயும் பக்கங்களிலும் உள்ள பேட்கள் அதிர்வை உறிஞ்சிவிடுகின்றன. கல் தெறித்து சிலிண்டரில் அடிபடுவதும் இல்லை. ஆனால் அந்தப் பேட்களே தேய்மானப் பொருள்கள். அவை மெலிந்ததும் பிரேக்கர் உடல் பெட்டிக்குள் ஆடத் தொடங்கும். இரும்போடு இரும்பு மோதும் தடதட ஒலி கேட்கும், ஹோஸை உடலோடு இணைக்கும் அடாப்டரில் வெடிப்பு விழும், பெட்டியின் வெல்டிங்கில் விரிசல் ஓடும். இதைச் சோதிக்க, உளியைக் கெட்டியான தரையில் செங்குத்தாக ஊன்றி, எக்ஸ்கவேட்டரின் பூமை (தூக்கும் கையை) மெல்லக் கீழே அழுத்துங்கள். பெட்டிக்குள் உடல் எவ்வளவு மேலேறுகிறது என்று பாருங்கள். கையேட்டின் வரம்பைத் தாண்டினால் பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னொன்று, கீழ்வாய் வழியாகப் புகும் கல்தூள் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறுகிப்போகும். அது சூட்டை வெளியே விடாது, விரிசலையும் மறைக்கும். அவ்வப்போது கழுவிவிடுவது அழகுக்காக அல்ல.

எண்ணெய்க் கசிவில்தான் வித்தியாசம் மிகப் பெரிது. ஓப்பன் வகையில் கசிவு எங்கே என்று நின்ற இடத்திலேயே விரல் வைத்துக் காட்டலாம். பாக்ஸில் எங்கே கசிந்தாலும் எல்லாம் வழிந்து உளி அருகே சொட்டும். உடனே ‘சீல் (எண்ணெயைத் தடுக்கும் வளையம்) போச்சு’ என்று முழுப் பிரேக்கரையும் பிரித்துவிடுகிறார்கள். பிரித்த பிறகு பார்த்தால் மேலே அடாப்டர் மட்டும் தளர்ந்திருக்கும். முதலில் கழுவி உலர்த்துங்கள். சோதனை மூடியைக் கழற்றி அடாப்டரையும் சிலிண்டர் இணைப்புகளையும் துடைத்து, மூடியைத் திரும்பப் பூட்டிப் பத்து நிமிடம் அடித்துவிட்டு, எஞ்சினை நிறுத்தி, லைன் அழுத்தத்தை விடுவித்து, மீண்டும் திறந்து பாருங்கள். மேலே காய்ந்திருந்து, உளியைச் சுற்றி மட்டும் நீர்த்த எண்ணெய் வந்தால் சீல். கருத்துக் கெட்டியாக வந்தால் அது உருகிய கிரீஸ், கசிவே இல்லை.

கிரீஸ் வைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே, தவறும் ஒன்றே. பிரேக்கரை நிமிர்த்தி, உளியைத் தரையில் அழுத்தி, அது முழுக்க மேலேறிய நிலையில் மட்டுமே கிரீஸ் அடிக்க வேண்டும். தொங்கவிட்டு அடித்தால் உளி கீழிறங்கி, பிஸ்டனுக்கும் உளித் தலைக்கும் நடுவே உள்ள இடத்தில் கிரீஸ் நிரம்பிவிடும். அடுத்த அடியில் பிஸ்டன் அந்தக் கிரீஸை நசுக்க, எழும் அழுத்தம் கீழ் சீலைக் கிழிக்கும். அடிக்கும் வேலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உளிக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் (வழிகாட்டி வளையத்துக்கும்) இடையே புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்கலாம். சாதாரண சேஸிஸ் கிரீஸ் அந்தச் சூட்டில் வழிந்தோடிவிடும். செம்பும் கிராஃபைட்டும் கலந்த உளிப் பேஸ்ட்தான் வேண்டும். பாக்ஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் ஒரு துளைக்குள் ஒளிந்திருப்பதால் அதைத் துடைக்காமலே கிரீஸ் கன்னைச் செருகுவார்கள். அப்போது கிரீஸோடு மண்ணும் புஷ்ஷுக்குள் போகிறது.

அடி வலுவில்லை என்றால் வகை எதுவானாலும் பிரிப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஃப்ளோ மீட்டர் பூட்டி, பிரேக்கர் லைனில் எண்ணெய் ஓட்டமும் அழுத்தமும் கையேட்டின்படி வருகிறதா பாருங்கள். அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு தாழ்வான அழுத்தத்தில் வைக்கப்பட்டிருந்தால் எண்ணெய் அதன் வழியே தப்பும். அடி சோர்ந்து எண்ணெய் கொதிக்கும். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அடுத்து எண்ணெய் திரும்பும் ரிட்டர்ன் லைன். அது மெயின் வால்வைச் சுற்றிப் போகாமல், ஃபில்டர் வழியே நேராகத் தொட்டிக்குப் போக வேண்டும். அதன் பிறகே நைட்ரஜன். உடல் ஆறிய பின், உளி தரையில் ஊன்றாத நிலையில் அளக்க வேண்டும். ஊன்றியிருந்தால் பிஸ்டன் மேலேறி வாயுவை அழுத்த, அளவு பொய்யாகக் கூடித் தெரியும். பேக் ஹெட்டில் (பிஸ்டனுக்கு மேலே உள்ள வாயு அறையில்) வாயு குறைந்தால் அடி லேசாகும். கூடினால் பிஸ்டன் எழவே திணறும். பிரஷர் ஹோஸ் பாம்புபோல் துள்ளினால் சந்தேகப்பட வேண்டியது, எண்ணெய் அழுத்தத்தின் துடிப்பைத் தாங்கும் அக்குமுலேட்டரின் டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வை). நைட்ரஜனைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது. ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும்.

பிரேக்கர் உடலின் பகுதிகளைச் சேர்த்து இறுக்கும் நீளமான த்ரூ போல்ட் முறிவது வெற்றடியால்தான் அதிகம். கல் உடைந்த பிறகும் பெடலை விடாமல் அடித்தால், உளி வாங்க வேண்டிய விசை உளி கழன்று விழாமல் பிடிக்கும் ரீடெய்னர் பின்னுக்கும் போல்ட்டுக்கும் போகிறது. ஒன்று முறிந்தால் நான்கையும் மாற்றுங்கள், மீதி மூன்றும் அளவுக்கு மேல் இழுபட்டிருக்கும். ஓப்பனில் மாடலைப் பொறுத்துத் தளத்திலேயே இதை முடித்துவிடலாம். பாக்ஸில் பல மாடல்களுக்கு உடலையே வெளியே தூக்க வேண்டும். கிரேன் வேண்டும், ஒரு நாள் போய்விடும்.

தண்ணீருக்குள் அடிக்க இரண்டுமே ஆகாது, அமுக்கக் காற்று இணைப்பு இருந்தால் ஒழிய.

ஒர்க் ஷாப், தூக்கும் வசதி, தேதி போட்டுச் சோதிக்கும் பழக்கம் உள்ள இடத்துக்குப் பாக்ஸே சரி. குடியிருப்புக்கு அருகில் வேலை என்றால் வேறு வழியும் இல்லை. பட்டறை எட்டாத குவாரியில் ஒரே ஆபரேட்டர், ஒரு கருவிப்பெட்டி என்றால் ஓப்பன். அங்கே அவர் தினமும் காலையில் பிரேக்கரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாலே தளர்ந்த போல்ட்டும் கசியும் இணைப்பும் தெரிந்துவிடும். அதே ஆளிடம் பாக்ஸைக் கொடுத்தால், அவர் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க ஒரு மணி நேரத்தை முதலாளி ஒதுக்கித் தர வேண்டும்.