சுண்டுவிரலுக்கு இடமா, பாக்கெட்டுக்கு அடக்கமா: சிறு கைத்துப்பாக்கி மேகசினின் அடித்தகடுகள் குறித்து ஓர் ஒப்பீடு

ரூகர் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட எல்சிபி, அமெரிக்காவில் பேண்ட் பாக்கெட்டில் மறைத்து எடுத்துச் செல்லப்படும் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறத்தாழ ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. .380 ஏசிபி தோட்டா, தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் கூடான மேகசினில் 6, நீளம் 5.16 அங்குலம், உயரம் 3.6 அங்குலம், எடை 10 அவுன்சுக்கும் குறைவு. அதாவது முந்நூறு கிராம்கூட இல்லை. இதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 2003-இல், கெல்-டெக் பி-3ஏடி இதே அளவில் வந்திருந்தது. இரண்டிலும் ஒரே குறை: கைப்பிடியில் நடுவிரலும் மோதிரவிரலும் அமர்ந்தபின் சுண்டுவிரலுக்கு இடமில்லை. அந்த விரலுக்காக மேகசினின் அடியில் பொருத்தப்படும் நீட்சியை அப்படியே வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா, அல்லது அறுத்துக் குறைப்பதா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

எல்சிபி வாங்கியவர்களுக்குத் தட்டையான அடித்தகட்டோடு விரல் நீட்சி கொண்ட தகடும் பெட்டியிலேயே சேர்த்துத் தரப்பட்டது. எது சரியென்று தயாரித்தவர்களே தீர்ப்புச் சொல்லாமல், முடிவை வாங்குபவரின் கைக்கும் கால்சட்டைக்கும் விட்டுவிட்டார்கள் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டையான அடித்தகட்டுக்குப் பாக்கெட்டில் ஈடு கிடையாது. கைப்பிடியின் விளிம்போடு விளிம்பாக முடிந்துவிடுவதால், உறையோடு உள்ளே இறங்கிய துப்பாக்கி வெளியே ஒரு பணப்பையின் உருவத்தைத்தான் காட்டும். சுடும்போதுதான் அதன் விலை தெரிகிறது. இவ்வளவு எடை குறைந்த துப்பாக்கியின் பின்னுதைப்பை இரண்டு விரல்களும் கட்டைவிரலும் மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் கைப்பிடி உள்ளங்கையில் சற்றே நழுவி, அடுத்த குண்டுக்கு முன் பிடியைச் சரிசெய்ய வேண்டியதாகிறது. சிலர் சுண்டுவிரலை மடக்கி அடித்தகட்டின் கீழே வைத்துத் தாங்குவார்கள். பழகிய கைக்கு அது போதும்.

முழு நீட்சி ஏறத்தாழ அரை அங்குலம் உயரத்தைக் கூட்டும். பியர்ஸ் கிரிப் போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்கு இதைத் தனியாகவும் விற்கின்றன. மூன்று விரல்களும் பிடித்தால் துப்பாக்கி கையில் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பலரும் முதல் மேகசினைச் சுட்டு முடிக்கும்போதுதான் கவனிக்கும் ஒன்று உண்டு: நீட்சிக்கும் கைப்பிடியின் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி இருந்தால், பின்னுதைப்பில் அது விரிந்து மூடும்போது சுண்டுவிரலின் தோலைக் கவ்வும். இடைவெளி எங்கே அமைகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். விரல் மெலிந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாமல் போவதும் உண்டு.

பாக்கெட்டில் இந்த நீட்சி ஏன் தொந்தரவு தருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, துப்பாக்கி உள்ளே எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பாக்கெட்டில் குழல்வாய் கீழே, கைப்பிடியின் அடிப்பாகம் பின்னோக்கி. எனவே நீட்சி கூட்டும் அரை அங்குலம் பாக்கெட்டின் ஆழத்தில் சேராமல் அதன் அகலத்தில் சேர்ந்து, துணியைத் தொடையின் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீட்சியின் முன்பக்கக் கொக்கி பாக்கெட்டின் உள்ளே கீழ்நோக்கிப் பார்க்கிறது. அது துருத்தலைக் காட்டுமே தவிர, எடுக்கும்போது தடுக்காது. பின்பக்கத்துக் குதிகால் மூலைதான் மேலும் பின்னும் பார்த்து நிற்கிறது. உருவி எடுக்கையில் பாக்கெட் வாயின் தையலில் போய் இடிப்பது இந்த மூலைதான். சாய்வாய் வெட்டிய பாக்கெட்டுள்ள சினோ பேண்ட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. இறுக்கமான ஜீன்ஸில் நன்றாகவே தெரியும்.

இதைக் கவனித்தால் குறைத்த நீட்சி என்னும் மூன்றாவது வழியின் பொருள் விளங்கும். பெரும்பாலோர் நீளத்தைத்தான் முதலில் அறுக்கிறார்கள். என் கருத்தில் வரிசை மாற வேண்டும்: முதலில் குதிகால் மூலையை உருட்டிவிட வேண்டும், பிறகு முன்பக்கக் கொக்கியின் நுனியைக் குறைக்க வேண்டும், நீளத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மூலை உருண்டுவிட்டாலே தையலில் மாட்டும் தொல்லை பெருமளவு போய்விடும். சுண்டுவிரலின் பாதியாவது தங்க இடமிருந்தால் பிடியின் பயனில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

வேலை எளியதுதான். மேகசினைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து, தோட்டாக்களை முழுவதும் நீக்கி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையும் காலி என்று பார்த்த பிறகே தகட்டில் கைவைக்க வேண்டும். அதைக் கழற்றும்போது உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் சீறி வெளியே வரும் என்பதால், கண்ணாடி அணிந்து, கட்டைவிரலால் மேகசினின் அடிவாயை மூடியபடியே தகட்டை நகர்த்த வேண்டும். அரத்தால் உருவம் கொண்டுவந்து, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. மேகசின் குழாயின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் உட்பள்ளங்களில் மட்டும் அரம் படவே கூடாது. அவை தேய்ந்தால் சுடும்போது அடித்தகடே கழன்று தோட்டாக்கள் கீழே கொட்டும்.

கூடுதல் தோட்டா கொள்ளும் நீட்சிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை. அவை பாக்கெட்டுக்கானவை அல்ல. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினுக்கு 10 தோட்டா என்ற வரம்பு இருப்பதால், 2021-இல் வந்த எல்சிபி மேக்ஸ் போன்று ஏற்கனவே 10 கொள்ளும் துப்பாக்கியில் ஒன்றைக் கூட்டினாலும் அங்கே சட்டச் சிக்கல். விரலுக்கு மட்டும் இடம் தரும் நீட்சிக்கு இந்தக் கவலை இல்லை.

அறுக்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. துப்பாக்கியில் தட்டை மேகசின், மாற்று மேகசினில் நீட்சி. பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது அடக்கமும், மேகசினை மாற்றியபின் முழுப்பிடியும் கிடைக்கும். அந்நேரம் துப்பாக்கி கையில் இருப்பதால் மறைப்பு பற்றிய கேள்வியே இல்லை. அகலமான பாக்கெட் உள்ளவருக்குக் குறைத்த நீட்சியையும், இறுக்கமாக உடுத்துபவருக்கு இந்தக் கலப்பு ஏற்பாட்டையும் பரிந்துரைப்பேன். முழு நீட்சியை இடுப்பு உறைக்கு விட்டுவிடலாம்.

எந்த வழியிலும் விசையை முழுதாக மூடும் பாக்கெட் உறை கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ கூடாது. தேய்த்த தகட்டைப் பொருத்தியபின், காலித் துப்பாக்கியோடு அன்றாடம் அணியும் பேண்ட்டிலேயே, உட்கார்ந்தும் நின்றும் உருவிப் பார்க்க வேண்டும். அதன்பின் சுடுகளத்தில் அதே மேகசினால் சில முறையாவது சுட்டுப் பார்க்க வேண்டும். அறுப்பதற்கு என்று மலிவான உதிரித் தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு, பெட்டியில் வந்ததைத் தொடாமல் வைப்பது நல்லது. துப்பாக்கியை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்பார்.