பன்னிரண்டு படப்புத்தகங்களும் அறுபது சொல்லட்டைகளும்: இரண்டு பருவம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் சொல்வளத்தைப் பெருக்குவதற்கென்றே தயாரிக்கப்பட்டதாக முகப்பில் அறிவித்துக்கொள்ளும் ஒரு தமிழ்ப் படப்புத்தகத் தொகுப்பை இரண்டு பருவங்களாக என் வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் பன்னிரண்டு சிறு புத்தகங்கள், அவற்றில் இரண்டின் பெரிய அளவுப் பதிப்புகள், அறுபது சொல்லட்டைகள், ஆசிரியருக்கான கையேடு ஒன்று ஆகியவை இருந்தன. பதிப்பகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; இதே அமைப்பில் வேறு தொகுப்புகளும் கிடைப்பதால், நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவற்றையும் எடைபோட உதவும். என் முடிவு இதுதான்: பன்னிரண்டில் ஐந்து புத்தகங்கள் மிக நல்லவை, நான்கு பயன்படும், மூன்று அலமாரியிலேயே இருக்கலாம், சொல்லட்டைகள் தேவையே இல்லை.

அந்த ஐந்தில் முதலிடம் பெறும் புத்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சிறுவன் தோளில் தானிய மூட்டையுடன் நடந்துகொண்டே இருக்கிறான். மூட்டையின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு குருவி, அடுத்த பக்கத்தில் மூன்று குருவிகள், பிறகு புறாக்கள், அணில்கள் என்று அவனுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே சேர்ந்துவிடுகிறது. ஆனால் எழுத்திலோ ஓட்டையைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. அவன் நடந்தான் என்றும், மூட்டை இன்று ஏனோ கனக்கவில்லை என்றும் மட்டுமே கதை சொல்லிக்கொண்டு போகிறது. கதை சொல்பவருக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று குழந்தைகள் உணரும் அந்த நொடியிலிருந்து வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அந்தப் பையனிடம் அதை எப்படியாவது சொல்லியாக வேண்டும், சொல்வதற்குச் சொல் வேண்டும்.

முதல் வாசிப்பில் ஓட்டையைக் கண்டுபிடித்த சிறுமி, "கொட்டுது, கொட்டுது!" என்று கத்தினாள். அருகிலிருந்தவன், "கொட்டலை, சிந்துது" என்று திருத்தினான். ஒழுகுகிறது என்றான் மற்றொருவன். தண்ணீர்தான் ஒழுகும் என்று பின்வரிசையிலிருந்து தீர்ப்பு வந்தது. உதிர்கிறது என்ற சொல்லை நான் கொடுத்துப் பார்த்தேன். இலை உதிரும், பூ உதிரும், முடி உதிரும், ஆனால் தானியம் மூட்டையில் ஒட்டிக்கொண்டா இருந்தது என்று ஒரு குழந்தை கேட்டபோது, நான் கொடுத்த சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய படத்தில் மூட்டை முழுவதுமாகக் கிழிந்து தானியம் குவியலாக விழுகிறது. அப்போது, இதுவரை சிந்தியது, இப்போதுதான் கொட்டியது என்று வகுப்பே முடிவுக்கு வந்தது. நான்கு வினைச்சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஆறு வயதுக் குழந்தைகள் இருபது நிமிடம் வாதிட்டுத் தீர்த்துக்கொண்டதை எந்தப் பயிற்சித்தாளிலும் நான் கண்டதில்லை.

அலமாரியிலேயே இருக்கலாம் என்று நான் சொன்ன மூன்று புத்தகங்களையும் இதனோடு ஒப்பிட்டால் தொகுப்பின் பலவீனம் விளங்கும். மேசையின் மேல் பந்து இருக்கிறது என்று எழுத்து சொல்கிறது. படத்திலும் மேசையின் மேல் பந்து இருக்கிறது. ஓவியங்கள் அழகானவைதான், வண்ணங்களும் கண்ணை உறுத்துவதில்லை. ஆனால் சொல்லும் படமும் ஒன்றையே இரண்டு முறை சொல்லும்போது குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மேல், கீழ், இடையில், பின்னால் போன்ற இடம் குறிக்கும் சொற்களைக் கற்பிக்க இவை உதவும் என்று கையேடு பரிந்துரைக்கிறது. அந்தச் சொற்களை மூட்டைக் கதையிலேயே, எந்தக் குருவி யாருக்குப் பின்னால் வருகிறது என்று கேட்டு, இதைவிட நன்றாகக் கற்பிக்க முடிந்தது.

இனிச் சொல்லட்டைகள். அறுபது அட்டைகளிலும் மூட்டை, குருவி, பந்து, மரம், பூனை என்று பெயர்ச்சொற்களே நிரம்பியிருக்கின்றன. பெரும்பாலானவை குழந்தைகள் பள்ளிக்கு வரும்முன்பே அறிந்தவை. ஐசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அன்றாடப் பேச்சில் தாமாகவே வந்துவிடும் முதல் அடுக்கையோ ஒரு துறைக்கே உரிய மூன்றாம் அடுக்கையோவிட, பல இடங்களிலும் பயின்றுவரும் ஆனால் பேச்சில் அரிதாகவே காதில் விழும் நடு அடுக்குச் சொற்களில்தான் வகுப்பறை நேரத்தைச் செலவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். தயங்கு, திகை, ஒதுங்கு, பதுங்கு, உற்றுப்பார் போன்ற சொற்கள் இந்த நடு அடுக்கைச் சேர்ந்தவை. இத்தொகுப்பின் கதைகளில் அவை தாராளமாகவே இருக்கின்றன; அட்டைகளில் ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது: தயங்குவதை ஓர் அட்டையில் வரைய முடியாது. ஒருவன் கதவருகே நிற்கும் படம் தயங்குவதாகவும் இருக்கலாம், காத்திருப்பதாகவும் இருக்கலாம், களைத்து நிற்பதாகவும் இருக்கலாம். முந்தைய பக்கத்தில் உள்ளே நாய் குரைத்ததும், அடுத்த பக்கத்தில் அவன் ஓரடி எடுத்துவைத்துப் பின்வாங்குவதும் சேர்ந்தால்தான் அது தயக்கம் ஆகிறது.

படத்தையும் சொல்லையும் இணைத்துக் கற்பிப்பது புதிய முறையன்று. குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகங்களில் ஒன்றாகக் கருதப்படும் நூலை ஜான் ஆமோஸ் கொமேனியஸ் 1658-இல் நியூரம்பர்க்கில் வெளியிட்டார். அவர் படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிட்டு, அதே எண்ணை லத்தீன், ஜெர்மன் வாக்கியங்களில் உரிய சொல்லுக்கு அருகிலும் இட்டார். அவர்கூடப் பொருள்களைத் தனித்தனியே வெட்டி எடுக்கவில்லை. பட்டறை என்றால் பட்டறை முழுவதையும், தோட்டம் என்றால் தோட்டம் முழுவதையும் ஒரே காட்சியாகக் காட்டித்தான் பெயரிட்டார். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த இந்த அட்டைகள் அந்தக் காட்சியையும் கைவிட்டிருக்கின்றன.

கையேட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கதைக்கும் எந்தெந்தப் பக்கங்களில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கலாம் என்று குறித்திருப்பது நல்லது. கதை முடிந்ததும் கேட்கச் சொல்லும் பத்துக் கேள்விகள் கதையின் சுவையை அங்கேயே கெடுத்துவிடுபவை. நான் பத்துக்குப் பதில் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன்: "உனக்கு எப்படித் தெரியும்?" அவன் பயந்திருக்கிறான் என்று ஒரு குழந்தை சொன்னால், எழுந்து வந்து படத்தில் அதற்கான சான்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஊகிப்பதும், ஊகத்துக்குக் காரணம் சொல்வதும், மற்றவர் சொன்னதை மறுப்பதும் இந்த ஒரு பழக்கத்திலேயே வந்துவிட்டன.

வாரத்துக்கு ஒரு புதிய புத்தகம் என்று கையேடு வகுத்திருக்கும் கால அட்டவணையும் தவறானது. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய சொற்களை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே சொற்களை அதே எண்ணிக்கையில் வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். என் மாணவர்கள் அவர்களைவிட மூத்தவர்கள் என்றாலும், அனுபவம் மாறவில்லை. முதல் வாசிப்பில் கதை போகும் போக்கை மட்டுமே கவனிக்கிறார்கள், என்ன நடக்கும் என்ற பதற்றம் தீர்ந்த பிறகு, மூன்றாம் நாளில்தான், "பதுங்கினால் ஒளிந்துகொண்டது என்றுதானே அர்த்தம்?" என்ற கேள்வி வருகிறது. பதுங்குவதில் பாய்வதற்கான ஆயத்தமும் இருக்கலாம் என்பதை அப்போதுதான் பேச முடிகிறது.

பெரிய அளவுப் பதிப்புகள் இரண்டும் வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிப்பதற்கு உரியவை. நியூசிலாந்தில் டான் ஹோல்டவே 1970-களில் பரப்பிய முறை இது. குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தாலே எழுத்துகள் தாமாகப் பதிந்துவிடும் என்று கையேடு கூறுவதை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணசைவைப் பதிவுசெய்த ஆய்வுகளில், பிறர் வாசிக்கக் கேட்கும் சிறு குழந்தைகள் எழுத்தை ஏறக்குறையப் பார்ப்பதே இல்லை என்றும், படத்திலேயே கண்ணை வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியவந்திருக்கிறது. சொல்லின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்த நாள்களில்தான் என் குழந்தைகள் எழுத்தைக் கவனித்தார்கள்.

மொழிநடையைப் பொறுத்தவரை தொகுப்பு சீராக இல்லை. கதைசொல்லியின் பகுதிகள் எழுத்துத் தமிழில் இருப்பது சரியானதே; கொட்டுது என்று பேசும் குழந்தை கொட்டுகிறது என்ற வடிவத்தை முதன்முதலில் இன்பமாகச் சந்திக்கும் இடம் கதைதான் என்பதால், அதை நான் பேச்சுக்கு மாற்றி வாசிப்பதில்லை. ஆனால் எட்டு வயதுச் சிறுமி தன் தோழியிடம், "நான் உன்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறேன்" என்று கூவுவதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. மொழிபெயர்ப்பு என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. உரையாடல்களைப் பேச்சுத் தமிழிலேயே விட்டிருக்கும் இரண்டு புத்தகங்களைத்தான் குழந்தைகள் குரலை மாற்றி மாற்றித் தாங்களே நடித்து வாசிக்கிறார்கள்.

அச்சமைப்பில் மன்னிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது என்ற நீண்ட சொல்லை, இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைகளுக்கான நூலில் இடம் விடாமல் அச்சிட்டதோடு, வரி முடிவில் அதை இரண்டாகவும் உடைத்திருக்கிறார்கள். அடுத்த வரி ண் என்ற எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் தொடங்காது என்பதைக் குழந்தையின் காது அறியும். கண் அங்கே போய்த் தடுக்கி நிற்கிறது.

சொற்களே இல்லாத புத்தகம் ஒன்றும் பெட்டியில் இருக்கிறது. அதை நான் கடைசியாகத்தான் கையில் எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு வாக்கியமாகக் குழந்தைகள் சொல்லச் சொல்ல, நான் கரும்பலகையில் எழுதினேன். முதலில், பிறகு, அதற்குள், கடைசியில் என்ற தொடர்ச்சி காட்டும் சொற்கள் அவர்களுக்குத் தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்ட வரிசையிலேயே வந்தன. தாங்களே சொன்ன வாக்கியங்கள் என்பதால், எழுத்துக்கூட்டத் திணறும் இருவர்கூட அவற்றை வாசித்துவிட்டார்கள்.

பளபளப்பான தாள் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால், புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படம் தெரிவதில்லை. இரண்டு பக்கங்களும் சேரும் மடிப்புக்குள் சில முக்கியமான உருவங்கள் மறைந்துபோகின்றன. ஓர் அணிலை நாங்கள் நான்காவது வாசிப்பில்தான் கண்டுபிடித்தோம். கம்பி ஊசி அடித்த பைண்டிங் குழந்தைகளின் கைகளுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்று புத்தகங்களின் நடுப்பக்கங்கள் முதல் பருவத்திலேயே கழன்றுவிட்டன.

புத்தகங்கள் தனித்தனியாகவும் விற்கப்படுவதால், மூட்டைக் கதை, சொற்களில்லாத புத்தகம், பேச்சுத் தமிழ் உரையாடல் உள்ள இரண்டு ஆகிய நான்கையும் முதலில் வாங்கலாம். முழுப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக, நல்ல தடிமனாக இருக்கிறது. என் வகுப்பில் அதில்தான் சிந்துவதையும் கொட்டுவதையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.