ஏசி டக்ட்டுக்கு கிளாஸ் வுல்லா நைட்ரைல் ரப்பரா? ரெண்டும் போட்டுப் பார்த்தாச்சு

மேடவாக்கத்துல எங்க வீட்டு மாடில ஒரு சின்ன ஹால் இருக்கு, சீமந்தம் காதுகுத்து மாதிரி நூறு பேர் வர்ற விசேஷத்துக்கு வாடகைக்கு விடறோம். டக்ட் ஏசி போட்டப்போ, குளிர்காத்து போற தகரக் குழாய் (அதான் டக்ட்) மேல 25 மில்லிமீட்டர் கிளாஸ் வுல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு சுத்தி மேல அலுமினியம் ஃபாயில் ஒட்டிக் குடுத்தாங்க, முதல் கோடை நல்லாதான் போச்சு. ஐப்பசி மழைல ஒரு சீமந்தம், வளையல் அடுக்கி வெச்ச தட்டு மேல ஃபால்ஸ் சீலிங்ல இருந்து சொட்டு சொட்டா தண்ணி விழுது, அந்தப் பொண்ணோட அம்மா ஒண்ணும் பேசாம முந்தானையால துடைச்சுட்டு தட்டை நகத்தி வெச்சாங்க. எனக்கு இன்னும் அது மறக்கல.

எல்லாரும் ஏசி தண்ணி வெளில போற பைப் அடைப்புன்னாங்க, பார்த்தா அது க்ளீனா இருக்கு. போர்டைக் கழட்டினா கிளாஸ் வுல் ஊறின துணி மாதிரி கனமா தொங்குது, லைட்டுக்கு வயர் இழுத்தப்போ ஃபாயில் ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கு, அவ்ளோதான் விஷயம். டக்ட் உள்ள காத்து 13, 14 டிகிரி, வெளில 32 டிகிரியும் ஈரப்பதம் 75 சதவீதமும் இருந்தா 27 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பரப்புலயும் தண்ணி கோத்துக்கும். கிளாஸ் வுல் சூட்டைத் தடுக்கறதுல குறைச்சல் கிடையாது, ஆனா அது ஈரக்காத்தைத் தடுக்காது, தடுக்கறது அந்த மெல்லிசு ஃபாயில் மட்டும்தான், அது கிழிஞ்சா உள்ள ஈரம் போய் பஞ்சு நனைஞ்சு அப்புறம் அது இன்சுலேஷனே இல்ல.

அதை மொத்தமா பிரிச்சுட்டு நைட்ரைல் ரப்பர் ஷீட் போட்டோம். கறுப்பா ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கற குமிழ் ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடி இருக்கறதால ஈரம் லேசுல உள்ள போகாது, சின்னதா ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தோட நின்னுடும். 13 மில்லி போதும் விலை கம்மின்னு ஒருத்தர் சொன்னார், தயவுசெஞ்சு கேக்காதீங்க, நம்ம ஊர் மழைக்கால ஈரத்துக்கு 13 வேர்க்கும், 19தான் தாங்கும், அதுவும் மட்டுமட்டாதான் தாங்கும். பளபளன்னு ஃபாயில் ஒட்டின ஷீட் வாங்கறவங்க இன்னும் ஒரு படி தடிமனா 25 எடுங்க, ஏன்னா மினுங்கற பரப்பு சுத்தி இருக்கற சூட்டைக் கம்மியா வாங்கும், அதனால கறுப்பு ஷீட்டை விட அதோட வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கும். கடைல ஸ்கேல் வெச்சு தடிமனை அளந்து பாருங்க, நான் அளந்தேன்.

ஷீட்டை விட ஒட்டற வேலைதான் முக்கியம்னு எனக்கு இப்போ புரியுது. எங்களுக்கு ஒட்டின தம்பி டக்ட்லயும் ஷீட்லயும் ரெண்டு பக்கமும் பசை தடவிட்டு விரல் வெச்சுப் பார்த்தார், "விரல்ல ஒட்டக் கூடாதுக்கா, அப்போதான் அமுக்கணும், ஈரமா இருக்கும்போதே ஒட்டினா ரெண்டு மாசத்துல வாய் திறந்துடும்"னார். ஷீட்டை இழுத்துப் பிடிச்சு ஒட்டக் கூடாது, ரெண்டு ஓரமும் ஒண்ணை ஒண்ணு நெருக்கற மாதிரி கொஞ்சம் கூடவே வெட்டணும், இல்லன்னா சுருங்கி இடைவெளி விட்டுடும். டக்டைத் தாங்கற இரும்பு ஆங்கிள்ல டக்ட் தகரம் நேரா உக்காரக் கூடாது, நடுவுல கெட்டியான துண்டு வெக்கணும்.

குறையும் சொல்லணும். கிளாஸ் வுல்லை விட விலை கூட, பசை நாத்தம் நாலு நாள் இருந்துது, அதுவரை ஹாலை யாருக்கும் குடுக்கல. காத்து சத்தத்தை கிளாஸ் வுல் அளவுக்கு இது அடக்கல, சத்தம்தான் பிரச்சனைன்னா அதுக்குன்னு டக்ட் உள்பக்கம் ஒட்டற வேற ஷீட் இருக்கு. மொட்டைமாடி வெயில்ல போற டக்ட்ல வெறும் ரப்பரை விட்டா வெடிச்சுடும், மேல அலுமினியத் தகடு போர்த்தணும். சமையல்கட்டு எக்ஸாஸ்ட் டக்ட்டுக்கு இதைப் போடவே போடாதீங்க, எண்ணெய்ப் பிசுக்கு தீப்பிடிச்சா ரப்பர் தாங்காது, அங்க ராக் வுல்தான், அதாவது கல்லை உருக்கி எடுக்கற இழைப் பஞ்சு.

போட்டு ரெண்டு மழைக்காலம் ஆச்சு. போன கார்த்திகைல போர்டைத் திறந்து கையை வெச்சுத் தடவிப் பார்த்தேன், முழு நீளமும் காஞ்சு இருக்கு, மெஷின் பக்கத்துல ரெண்டு டக்ட் சேர்ற ஒரே ஒரு ஃப்ளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) மட்டும் லேசா பிசுபிசுத்துது, அங்க இன்னொரு 19 மில்லி பட்டை சுத்தி ஒட்டச் சொல்லிட்டேன்.